ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்.

குழந்தையாக இருக்கும்போது இதயத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு வரி கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அம்மாக்கள் எழுதியவை. பிள்ளைக்கு முப்பது வயதானாலும் ஆபரேஷன் ஆன தேதி, வார்டு, பக்கத்துக் கட்டில் குழந்தை எந்த ஊர் என்பதுவரை அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தழும்பு இருப்பது மட்டும்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை என்பதால் நான்கை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதம் அவசரம். அதற்கு உரியவரிடம் பத்திரிகை வருவதற்கு முன்பே போனில் பேசிவிட்டேன்.

*

என் மகனுக்கு 26 வயது. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. உதடு, நகமெல்லாம் நீலமாக இருக்கும். கொஞ்சம் விளையாடினாலும் மூச்சு வாங்கி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவான். 5 வயதில் ஆபரேஷன் செய்தோம். “இனி இவன் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான்” என்றார் டாக்டர். எட்டாம் வகுப்புக்குப் பிறகு செக்கப்புக்குப் போகவில்லை. இப்போது சென்னையில் வேலை. போன மாதம் பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது நெஞ்சு படபடவென்று அடித்து, கண் இருட்டி விழுந்துவிட்டான். ஒரு நிமிடத்தில் தானாக எழுந்துவிட்டான். பக்கத்துக் கிளினிக்கில் “சாப்பிடாமல் ஓடியிருக்கிறார்” என்று குளுக்கோஸ் ஏற்றினார்களாம். இசிஜியில் ஏதோ பிளாக் என்று வந்தது, அது பழசுதான் என்றார்களாம். ஆடி கழியட்டும், பெரிய டாக்டரிடம் போகலாம் என்கிறார் இவன் அப்பா. நான் வீணாகப் பயப்படுகிறேனா?
— ஒரு தாய், விருதுநகர்

வீணாகப் பயப்படவில்லை அம்மா. ஆடிக்கும் ஆவணிக்கும் இதில் இடமில்லை.

குத்தவைத்து உட்கார்ந்துவிடுவான் என்ற அந்த ஒரு வரியிலேயே நோயின் பெயர் தெரிந்துவிட்டது. அப்படி உட்கார்ந்தால் காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் மடங்கி, நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போகும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே குழந்தைகள் இதைக் கண்டுபிடித்துக்கொள்ளும். நோய்க்கு ஃபாலோ டெட்ராலஜி என்று பெயர். பிரான்சின் மார்செய் நகரத்து டாக்டர் ஃபாலோ 1888-இல் இதன் நான்கு கோளாறுகளையும் சேர்த்து எழுதினார். இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் சுருக்கம், அந்த ஓட்டையின் மேல் சவாரி செய்யும் மகா தமனி, தடித்துப்போன வலது கீழறை. 1954-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் லில்லிஹை முதன்முதலாக இதயத்துக்குள்ளேயே கைவைத்து இதைச் சரிசெய்தார். அதற்கு முன் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பெரியவர்களானதே இல்லை. உங்கள் மகனுக்கு வேலை பார்க்கும் வயது வந்ததே அந்த ஆபரேஷனால்தான். அதைக் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஓட்டைக்கு ஒட்டுப் போடுகிறார்கள். சுருக்கத்தை நீக்கத் தசையை வெட்டுகிறார்கள். பல குழந்தைகளுக்கு நுரையீரல் வால்வின் குறுக்கேயே ஒட்டு வைத்துப் பாதையை அகலமாக்க வேண்டிவரும். ஒட்டிலும் தழும்பிலும் மின்சாரம் பாயாது. ஒட்டுக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு குறுகிய தசைச் சந்து மிஞ்சும். அதன் வழியாக மின்னோட்டம் மெதுவாக ஊர்ந்து, சுற்றிவந்து, மறுபடியும் அதே சந்துக்குள் நுழைந்துவிட்டால் தீர்ந்தது, நிலைக்கு வராத தேர் மாதிரி மாட வீதியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். இதயம் நிமிடத்துக்கு 200 முறை துடிக்கும். அந்த வேகத்தில் ரத்தம் நிரம்ப நேரமிருக்காது. மூளைக்கு ரத்தம் போகாமல் கண் இருட்டும். தேர் தானாக நின்றால் எழுந்துவிடுவார். நிற்காமல் தாறுமாறாகிவிட்டால் எழுந்திருக்க மாட்டார்.

கூடவே இன்னொன்றும் நடக்கும். அகலமாக்கிய வால்வு வருஷக்கணக்காக ஒழுகும். ஒழுகிய ரத்தம் திரும்பி வந்து வலது கீழறையைப் பலூன் மாதிரி ஊத வைக்கும். இதில் வலி கிடையாது. பையன் நன்றாகத்தான் இருப்பான், படிப்பான், வேலைக்குப் போவான். இருபது, முப்பது வயதில்தான் கணக்குத் தீர்க்க வரும்.

இசிஜியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஆபரேஷன் ஆன பெரும்பாலோருக்கு ‘ரைட் பண்டில் பிளாக்’ என்று, அதாவது வலது பக்க மின்பாதையில் தடை என்று, மெஷினே அடித்துக் கொடுக்கும். பழசுதான் என்று சொன்னவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் பழசு எவ்வளவு அகலம் என்று யாரும் அளக்கவில்லை. என் மேஜையில் ஜாமெட்ரி பாக்ஸில் வருமே, அந்த டிவைடர் ஒன்று கிடக்கிறது. இசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்ட். கியூஆர்எஸ் என்கிற கூர்முனை நாலரைக் கட்டத்தைத் தொட்டால், அதாவது 180 மில்லி செகண்ட் ஆனால், ஆபத்தான துடிப்புக்கு வாய்ப்பு அதிகம் என்று 1995-இல் லண்டனில் கட்ஸூலிஸ் குழுவினர் எழுதினார்கள். அன்றிலிருந்து ஃபாலோ நோயாளி எவர் வந்தாலும் டிவைடரைக் கையில் எடுக்காமல் நான் பேச ஆரம்பிப்பதில்லை. நாலரைக்குக் கீழே இருந்தால் பயமே இல்லை என்றும் அர்த்தமில்லை. போன வருஷம் மூன்றே முக்கால், இந்த வருஷம் நாலேகால் என்றால் அதுவும் சேதிதான்.

பத்தாண்டுக் கணக்கில் பார்த்தால் ஃபாலோ ஆபரேஷன் ஆனவர்களில் 100-க்குச் சுமார் 2 பேர் திடீரென இறக்கிறார்கள். மற்ற 98 பேரைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அந்த இரண்டு பேர் யார் என்று முன்கூட்டியே தேடிப் பிடிக்கத்தான் செக்கப். ஓடும்போது படபடப்பு வந்து மயங்கி விழுந்தவர் அந்தத் தேடலில் வரிசையின் முன்னால் நிற்கிறார்.

போனில் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். எக்கோ, 24 மணி நேரத் துடிப்பையும் பதிவு செய்யும் ஹோல்டர், வலது அறையின் அளவும் தழும்பும் பார்க்க இதய எம்ஆர்ஐ. மயக்கம் வந்திருப்பதால் தொடை ரத்தக் குழாய் வழியாக வயர் விட்டு, அந்தத் துடிப்பை அங்கேயே வரவழைத்துப் பார்க்கும் இ.பி. ஸ்டடியும் தேவைப்படும். ஆபரேஷன் அறையில் தேரை நாமே கிளப்பி, எந்தச் சந்தில் நுழைகிறது என்று பார்த்து, அந்தச் சந்தைச் சூடு வைத்து அடைத்துவிட முடிகிறது. வால்வு மாற்ற வேண்டியிருந்தால், பொருத்தமானவர்களுக்கு இப்போது நெஞ்சைத் திறக்காமல் கால் வழியாகவே வைக்கிறார்கள். இவ்வளவுக்கும் மேல் ஆபத்து மிஞ்சியிருந்தால், ஆபத்தான துடிப்பு வந்தால் உடம்புக்குள்ளிருந்தே ஷாக் கொடுத்து நிறுத்தும் ஐசிடி என்ற கருவி. அதுவரை தனியாக வண்டி ஓட்ட வேண்டாம், பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். அறைத் தோழனிடம் விஷயத்தைச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் டாக்டர் சொன்ன அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். “எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான்.” நானும் சொல்லியிருக்கிறேன். 1997-இல், இதே நோய்க்கு ஆபரேஷன் ஆகி நன்றாக இருந்த ஒரு பையன். 12 வயது. அப்பா மஞ்சப்பையில் கருப்பட்டி கொண்டுவருவார். பஸ் காசு, ஒருநாள் கூலி போய்விடுகிறது, இனியும் வர வேண்டுமா என்று கேட்டார். அவர் மேல் இரக்கப்பட்டு ஃபைலில் ‘ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்.’ என்று எழுதினேன். தேவைப்பட்டால் வரவும் என்று அர்த்தம். 2014-இல் அவன் தம்பி அதே ஃபைலோடு வந்தான். தனக்கும் ஏதாவது இருக்குமா என்று பார்த்துக்கொள்ள. அண்ணன் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது விழுந்தாராம், 29 வயது. அதற்கு முன்னால் இரண்டு முறை தலைசுற்றி உட்கார்ந்திருக்கிறார். பித்தம் என்று இருந்துவிட்டார்கள். ஃபைலின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து. தம்பிக்கு இதயத்தில் ஒன்றுமில்லை. அவனிடம் நான் அதை மட்டும்தான் சொன்னேன்.

*

அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கபடியில் மாவட்ட அளவுக்குப் போகக்கூடியவள். ஆறு வயதில் இதய ஓட்டையைக் கால் வழியாக ‘குடை’ வைத்து அடைத்திருக்கிறார்களாம். விடலாமா? ஏதாவது ஆகிவிட்டால் என் தலையில் விழுமே என்று பயமாக இருக்கிறது.
— பி.டி. மாஸ்டர், புதுக்கோட்டை மாவட்டம்

விடுங்கள் சார். மேலறைகளுக்கு நடுவே இருந்த ஓட்டையைச் சின்ன வயதிலேயே குடை வைத்து அடைத்து, எக்கோவில் அறைகள் சரியான அளவில் இருந்து, படபடப்பு இல்லையென்றால் அவள் தாராளமாக ரெய்டு போகலாம். ஒரு வருஷத்துக்குள் எடுத்த எக்கோவும் இதய டாக்டரின் கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தலைக்கும் பாதுகாப்பு. ‘இதயத்தில் ஓட்டை’ என்ற ஒரே சொல்லில் நூறு வகை நோயைப் போட்டுக் கட்டிவிட்டோம். அதனால் ஓடக்கூடிய பிள்ளையை மரத்தடியில் உட்கார வைக்கிறோம், உட்கார வேண்டியவனை ஓட விடுகிறோம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது, ஃபைல் இல்லாத பிள்ளையை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுகிறவன். ஓடினால் நெஞ்சு வலிக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறவன். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் தமனி பிறவியில் தப்பான இடத்திலிருந்து கிளம்பி, இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவே நசுங்கிப் போவதுண்டு. ஸ்டெதஸ்கோப்பில் ஒரு சத்தமும் கேட்காது, ஓய்வில் எடுத்த இசிஜி சுத்தமாக இருக்கும். வெயிலில் அசெம்பிளியில் நின்று மயங்குவது வேறு, அது பெரும்பாலும் சாதாரணம். ஓட்டத்தின் நடுவில் விழுவதைச் சாதாரணம் என்று நினைக்கவே கூடாது.

விழுந்தவனுக்கு நம் ஊரில் என்ன செய்வோம்? முதலில் சோடா வாங்க ஒருவர் ஓடுவார். இதயம் நின்றவுடன் மூளைக்கு ரத்தம் போகாமல் கை கால் கொஞ்ச நேரம் வெட்டி இழுக்கும். உடனே ‘காக்கா வலிப்பு’ என்று யாராவது சாவிக் கொத்தைத் திணிப்பார். நான் பார்த்த ஒரு பையனின் உள்ளங்கையில் பூட்டுச் சாவியின் பல் அப்படியே பதிந்திருந்தது. அவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கைகள் நெஞ்சை அழுத்தியிருக்க வேண்டும். உண்மையான வலிப்புக்கே சாவி உதவாது என்பது தனிக்கதை.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் இல்லை, அல்லது மீன் வாய் திறப்பது மாதிரி எப்போதாவது ஒரு இழுப்பு. அந்த இழுப்பு மூச்சு அல்ல, அதைப் பார்த்து ஏமாந்து நிற்காதீர்கள். ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். நீங்கள் மண்டியிட்டு, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை மேலே கோத்து, முழங்கை மடங்காமல் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள். ஒன்றும் செய்யாமல் ஷாக் கருவிக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. கபடி டீம் முழுவதற்கும் ஒரு சனிக்கிழமை இதைச் சொல்லிக்கொடுங்கள், பழைய தலையணை ஒன்று போதும்.

*

எனக்கு 34 வயது மேடம். சின்ன வயசில் பெரிய ரத்தக் குழாய்கள் இடம் மாறியிருந்ததுக்கு ஆபரேஷன். இரண்டு வருஷம் முன்னால் ஐசிடி வைத்தார்கள். வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த பேட்டரிப் பெட்டியோடு பட்டறை வேலை செய்யலாமா? ஒருநாள் ராத்திரி ஷாக் அடித்தது, மாடு உதைத்தது மாதிரி. அதிலிருந்து என் மனைவி பக்கத்தில் படுக்கவே பயப்படுகிறாள். எதற்கு இதை வைத்தார்கள் என்று இருக்கிறது.
— வாசகர், அம்பத்தூர்

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தலைமுறையில் பலருக்கு இந்த நோய்க்கு மேலறைகளுக்குள் ரத்தத்தைத் திசை திருப்பும் ஆபரேஷன்தான் செய்தார்கள். உங்கள் ஃபைலிலும் ‘மஸ்டர்டு’ அல்லது ‘சென்னிங்’ என்று இருக்கும். அதில் வலது கீழறைதான் உடம்பு முழுவதற்கும் ரத்தம் தள்ளுகிறது. அந்த வேலைக்குப் பிறந்த அறை அல்ல அது. மேலறைத் தழும்புகளில் கிளம்பும் வேகத் துடிப்பு அப்படியே கீழே இறங்கினால் தாங்காது. அதனால்தான் வைத்தார்கள்.

இந்தக் கருவிக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. மிரோவ்ஸ்கி என்ற டாக்டர் இஸ்ரேலில் வேலை பார்த்தபோது, 1966-இல் அவருடைய தலைமை டாக்டர் இதேபோன்ற துடிப்பில் இறந்துபோனார். ஷாக் கொடுக்கும் மெஷின் ஆஸ்பத்திரியில் இருக்கும், மனுஷன் எங்கேயும் இருப்பாரே, மெஷினை உள்ளேயே வைத்தால் என்ன என்று மிரோவ்ஸ்கி கேட்டார். பெரிய பெரிய ஆட்கள் சிரித்தார்கள். 1980 பிப்ரவரியில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதல் கருவியை வைத்தார்கள். 1944-இல் நீலக் குழந்தைக்கு, நுரையீரலுக்கு ரத்தம் திருப்பும் முதல் ஷன்ட் ஆபரேஷன் நடந்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான்.

மனைவியிடம் சொல்லுங்கள்: ஷாக் அடிக்கும் நேரத்தில் உங்களைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதிகபட்சம் லேசாகச் சுரீர் என்னும், அவருக்கு ஆபத்து எதுவும் இல்லை. ஒரு ஷாக் அடித்து, பிறகு நன்றாக இருந்தால் அன்றைக்கே கருவி வைத்த இடத்துக்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரத்தில் இரண்டாவது அடித்தாலோ, ஒன்றே அடித்தும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ 108. அந்த ராத்திரி அடித்தது அவசியமானதுதானா என்று கருவியின் பதிவிலிருந்து படித்துச் சொல்ல முடியும், கேட்டீர்களா? வயர் பழுதானாலோ, சாதாரண வேகத் துடிப்பைத் தப்பாகப் புரிந்துகொண்டாலோ வீணாகவும் அடிக்கும். இளம் வயதுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை உண்டு என்பதால்தான் தழும்பு உள்ள எல்லோருக்கும் இதை வைத்துவிடுவதில்லை.

பட்டறை விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத பதில்தான் சொல்லப்போகிறேன். ஆர்க் வெல்டிங்கை நீங்கள் கையில் எடுக்க வேண்டாம். அந்த மின் இரைச்சலைக் கருவி இதயத் துடிப்பு என்று நினைத்து அடிக்கலாம், நீங்கள் ஏணியில் நிற்கும்போது அடித்தால்? முதலாளியாக அளவெடுங்கள், பில் போடுங்கள், ராடைப் பையன்கள் பிடிக்கட்டும். போனை இடது சட்டைப்பையில் வைக்காதீர்கள், கருவியிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். பின்புறம் காந்தம் வைத்த புது மாடல்களில் கூடுதல் கவனம். கோயில் வாசல் மெட்டல் டிடெக்டரில் நிற்காமல் நடந்து கடந்துவிடலாம், கருவிக்குக் கொடுத்த கார்டையும் காட்டுங்கள்.

*

எனக்கு 38 வயது. இரண்டு முறை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வலது அக்குள் பக்கம் ஒரு தழும்பு, நெஞ்சு நடுவில் ஒரு தழும்பு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த சமயத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று பாட்டி ஃபைலை எரித்துவிட்டார். கணவருக்குப் பிறகு தெரிந்து, அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா அம்மா இருவரும் இப்போது இல்லை. செக்கப் போக ஆசைதான், ஆனால் “என்ன ஆபரேஷன்?” என்று கேட்டால் என்ன சொல்வது?
— வாசகி, தஞ்சாவூர்

பாட்டியைத் திட்ட மனம் வரவில்லை, அந்தக் காலத்து நியாயம் அவருக்கு. ஆனால் இதே காரணத்துக்காகப் பழைய ஃபைலை மறைக்கிற அம்மாக்களிடம் ஒன்று சொல்கிறேன்: தழும்பைத் தாலிக்கு முன் சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் இதயம் ஒன்றரை மடங்கு வேலை செய்யும். ஃபாலோ சரிசெய்த பெண்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள், முன்கூட்டியே தெரிந்தால். பெரிய ஓட்டையை அடைக்காமல் விட்டு நுரையீரல் அழுத்தம் ஏறிப்போன ஐசன்மெங்கர் நிலையில் உள்ளவர்களுக்குக் கர்ப்பமே உயிருக்கு ஆபத்து. இது மாமியார் வீட்டில் ஏழாம் மாதம் தெரியவேண்டிய விஷயமா?

நீங்கள் எரிந்த ஃபைலுக்காகக் காத்திருக்க வேண்டாம் அம்மா. உடம்பிலேயே பாதி எழுதியிருக்கிறது. பக்கவாட்டில் ஒன்று, நடுவில் ஒன்று என்றால், குழந்தையில் நுரையீரலுக்கு ரத்தம் திருப்ப ஷன்ட் போட்டு, பிறகு முழு ஆபரேஷன் செய்திருக்கலாம் என்பது என் ஊகம். பழைய முறை ஷன்ட்டில் கைக்குப் போகும் தமனியையே வெட்டி நுரையீரல் தமனியில் தைத்துவிடுவார்கள். இப்போதே உங்கள் இரண்டு மணிக்கட்டிலும் நாடி பிடித்துப் பாருங்கள். வலது கையில் நாடி மெலிந்தோ, கிடைக்காமலோ இருந்தால் அதுவே பதில். அந்தக் கையில் பி.பி. பார்த்தால் குறைவாகத்தான் காட்டும், அதை நம்பி யாராவது ஒரு டாக்டர் உப்புப் போட்ட மோர் குடிக்கச் சொல்லிவிடப் போகிறார்.

ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியும் தோராயமான வருஷமும் தெரிந்தால் ரெக்கார்டு பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள், சில இடங்களில் பழைய ஆபரேஷன் பதிவேடு இருக்கும். கிடைக்காவிட்டால் எக்கோவும் எம்ஆர்ஐயும் மீதியைச் சொல்லும். பிறவி இதயநோயைப் பெரியவர்களுக்குப் பார்க்கும் டாக்டர் யார் என்று கேட்டுப் போங்கள். குழந்தைகள் பிரிவில் வயதாகிவிட்டது என்பார்கள், பெரியவர்கள் பிரிவில் மாரடைப்புக்காரர்கள் கூட்டத்தில் உங்களுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். வயிற்றுப்போக்கு வந்தாலோ, மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கினாலோ இதயத்தில் ஆபரேஷன் ஆனதைச் சொல்லுங்கள். பொட்டாசியம் குறைந்தாலும் சில மாத்திரைகளாலும் துடிப்பு கெடும். பல் பிடுங்குவதற்கு முன்பும் சொல்லுங்கள்.

போகிற அன்று முன்பக்கம் திறக்கிற ரவிக்கை போட்டுக்கொள்ளுங்கள், இசிஜி எடுக்கச் சுலபம். பி.பி.யை இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லுங்கள். இசிஜியின் ஒரிஜினலைக் கேட்டு வாங்குங்கள், அந்தத் தாள் இரண்டு வருஷத்தில் வெளுத்துவிடும், அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அடுத்து எப்போது வரவேண்டும் என்று கேட்டு, தேதி போடச் சொல்லுங்கள். ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.